சாரல் காலையில் விரியாமல் போன கொடி

சென்ற மாதம் தோழிகளோடு ஐந்தருவிக்குப் போயிருந்தேன். குளித்து முடித்துக் கட்டிக்கொள்ள, கஞ்சி போட்ட தாவணி ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். எடுத்தால் விரிய மாட்டேன் என்றது. சாரல் ஈரத்தில் மடிப்போடு மடிப்பு அப்பிக்கிடந்தது. உரித்தால்தான் பிரியும் போலிருந்தது. அதைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான், அப்பாவின் நினைவு மலரில் எழுத வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

அப்பா பிறந்தது இலஞ்சியில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, உறவினர் வீடுகளில் தங்கிப் படித்து, தென்காசியில் ஒரு பள்ளியில் டிரில் வாத்தியார் ஆனார்கள். முதல் சுதந்திர தினத்திலிருந்தே அங்கே கொடி கட்டுவது அப்பாவின் வேலை. காலையில் மாணவர் ஊர்வலம் தேரோடும் வீதிகளைச் சுற்றி வரும். பிறகு கொடியேற்றம், அதன்பின் ஆரஞ்சு மிட்டாய். கொடிக்குள் பூவிதழ் வைத்து மடிக்கும் வழக்கத்தை எங்கள் பள்ளியில் கொண்டுவந்தது அப்பாதான். அந்த முதல் வருடம் பையன்கள் கொடிக்கு வணக்கம் வைக்க மறந்து பூப்பொறுக்கினார்களாம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், கொடியேற்ற வந்தவர் வெள்ளைக்காரன் கையால் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். முதல் நாள் ஆசிரியர் அறையில் அப்பா, “அன்னைக்கு அந்தக் கொடி, இன்னைக்கு இந்தக் கொடியா இவருக்கு?” என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் சாரலில் அந்தப் பெரிய மனிதர் கயிற்றை இழுத்தார், இழுத்தார். பொட்டலம் பொட்டலமாகவே நின்றது. ஒரு பூ விழவில்லை. அப்பா இறக்கித் தொட்டுப் பார்த்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். யார் கேட்டும் காட்டவில்லை. வேறு கொடி ஏறியது.

“வேணும்னேதான் இறுக்கி முடிச்சுப் போட்டிருக்காரு. இல்லன்னா எதுக்கு ஒளிக்காரு?” என்றது ஊர். அப்பாவுக்கு ‘முடிச்சு வாத்தியார்’ என்று பெயர் விழுந்தது. அதன்பின் யாரும் அவர்களைக் கொடிக்கயிற்றைத் தொட விடவில்லை. மிட்டாய் கொடுக்கும் வரிசையில் நிறுத்தினார்கள்.

நான் யாரைத்தான் சந்தேகிக்கவில்லை? புதுக் கயிறு வாங்கி வந்த பள்ளி எழுத்தரைச் சந்தேகித்தேன். வந்த பெரிய மனிதரின் ஆட்களைச் சந்தேகித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், அப்பாவையும் சந்தேகித்தேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன், “நீங்கதான் செஞ்சீங்களா?” என்று. “நடந்தது நடந்துட்டு. படிக்கிற வேலையப் பாரு” என்றார்கள். எதைக் கேட்டாலும் அரைமணி நேரம் விளக்குகிற மனிதரிடமிருந்து இந்தப் பதில். என் சந்தேகம் இன்னும் வலுத்தது. போன ஆடியில் அப்பா காலமானபோது எல்லோரையும்விட அதிகம் அழுதவர் அந்த எழுத்தர். இவருக்கு எதற்கு இவ்வளவு அழுகை என்று அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஈரத் தாவணியை அப்படியே அம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன்.

“கொடிக்குக் கஞ்சி போட்டது யாரும்மா?”

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்கள். “ஒனக்கு யாருட்டி சொன்னா?”

“யாரும் சொல்லல. இத உரிச்சுப் பாருங்க.”

“நாந்தான். கதர்த் துணி தொவண்டு தொங்குதே, வெறைப்பா நிக்கட்டும்னு கஞ்சியில முக்கிட்டேன். சாரல்ல காயல. அடுப்பு அனல்ல காட்டுனேன், காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஊர்வலத்துக்குப் பிள்ளைகளச் சேக்க அவரு ஓடுனதால நானே பூ வச்சு மடிச்சும் குடுத்துட்டேன்.”

“அப்பாவுக்கு எப்பத் தெரியும்?”

“தொட்டதுமே தெரிஞ்சுட்டு. வீட்டுக்கு வந்து, ‘ஏளா, சோறு வடிச்ச கஞ்சிய நாட்டுக்கே ஊத்திட்டியே’ன்னு சிரிச்சாரு. நான் போய்ச் சொல்லுதேன்னேன். ‘என்னையப் பேசுனா ரெண்டு நாளு பேசுவான். ஒன்னையன்னா ஆயுசுக்கும் சிரிப்பான். வாயத் தொறந்தே, பாத்துக்கோ’ன்னுட்டாரு.”

ரெண்டு நாள் பதினோரு வருடம் ஆயிற்று. “இத நினைவு மலர்ல எழுதலாமா?” என்று தயங்கிக் கேட்டேன். “எழுதுட்டி. அவரு போனப்புறமும் நான் ஒளிஞ்சு நின்னா நல்லாவா இருக்கும்?” என்றார்கள்.

கடைசி நாட்களில் நெஞ்சுவலி வந்தபோதெல்லாம் வில்வண்டி பிடித்து வந்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றவர் அந்த எழுத்தர் மாமாதான். மாமா, உங்கள் கயிற்றில் ஒரு குற்றமும் இல்லை, என்னை மன்னியுங்கள். இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் சிலரும் முடிச்சுக் கதையை நம்பியவர்கள் என்பது தெரியும். யார் யார் என்றும் ஓரளவு தெரியும். அப்படியிருந்தும் காரியங்களுக்கு வந்து தோள் கொடுத்தீர்கள். உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வருகிற வாரம் அம்மாவோடு அப்பாவின் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன். இதை முழுதும் படித்துக் காட்டிவிட்டு, வரும் ஆகஸ்டு பதினைந்துக்குக் கொடியை நாங்கள் மடித்துத் தருகிறோம் என்று கேட்பேன். அவர் மறுத்தால் அப்பா பிறந்த இலஞ்சியில் உள்ள பள்ளியில் கேட்பேன். அதற்குள் முற்றத்தில் ஒரு கம்பு நட்டு, பழைய வேட்டியை மடித்து, சாரலில் நாலைந்து தரம் கட்டி இழுத்துப் பார்க்கப்போகிறோம். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்று அம்மாவும் இப்போது என் பக்கம் வந்துவிட்டார்கள்.