சூட்டுப் பால்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒப்பந்த வேலை என்பதால், மகனுக்கு நாலு மாதம் ஆனதுமே கூப்பிட்டுவிட்டார்கள். அவனை ராயபுரத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். காலையில் பீச்சி வைக்கும் பாலை அம்மா பாலாடையில் புகட்டுவாள். அது மதியத்தோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு எனக்கு ஃபைலில் கண் ஓடாது. மார்பு கனத்து, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஓடி வந்து சேர்ந்தாலும் உடனே கொடுக்க முடியாது. வெயிலில் வந்த உடம்பில் பால் சூடேறியிருக்கும், பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்பது அம்மாவின் சட்டம். பாத்ரூமில் நின்று முதல் பாலைப் பீச்சிக் கொட்ட வேண்டும். வெளியே அவன் கத்துவான். கொட்டிவிட்டு வந்தால் மிச்சம் அவனுக்குப் போதாது. "பால் பத்தல" என்று அம்மா உடனே டப்பா பாலைக் கலக்குவாள். கொட்டவும் சொல்லிவிட்டு, பத்தவில்லை என்றும் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஒவ்வொரு வாரமும் என் பால் குறைந்துகொண்டே வந்தது. அவனுக்கோ சளி விட்டபாடில்லை.

தடுப்பூசி போடப் போனபோது நர்சிடம் அழாத குறையாகக் கேட்டேன். வெயில் பாலைக் கெடுக்காது, கொட்டாதே என்றார். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் தாய்ப்பால்தான் காவல், பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்றார். வீட்டில் வந்து சொன்னதற்கு, அந்தம்மா ஏசியில் இருப்பவள், அவளுக்கென்ன தெரியும் என்று அம்மா முடித்துவிட்டாள்.

மறுநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகரவேயில்லை. ஷேர் ஆட்டோவில் இடிபட்டு உட்கார்ந்திருந்த எனக்கு ஜாக்கெட் நனைந்துவிட்டது. பொறுக்க முடியாமல் இறங்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்து, அடுத்த சிக்னலில் வேறு ஆட்டோ பிடித்தேன். வீட்டு வாசலிலேயே அவன் அழுகை கேட்டது. அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்து, டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"மொதல்ல போய் பீச்சிட்டு வா" என்றாள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளையை வாங்கி, தரையில் உட்கார்ந்து அப்படியே கொடுத்தேன். அவன் மூச்சு விடாமல் இழுத்தான். அம்மா பதறி என் தோளைப் பிடித்து இழுத்தாள். "வெயிலால பால் கெட்டுப்போவாதும்மா, வுடு" என்று கத்திவிட்டேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருக்கிறான். அம்மா காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமந்து தெருத் தெருவாக விற்றுக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் வெயிலில் வந்தவுடன் அவனுக்குப் பால் கொடுத்தாள். அன்றைக்கே வயிற்றால் போய், இரண்டாம் நாள் செத்துப்போனான். சூட்டுப் பால் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று தெருவே பேசியது. அதற்குப் பயந்தே என்னை டப்பா பாலில் வளர்த்தாளாம். இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதேயில்லை.

மகன் குடித்துக்கொண்டிருந்தான். அம்மா என் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"அப்போ அவன் என் பாலால சாவலியா?"

"இல்லம்மா" என்றேன். அவன் எதனால் செத்தான் என்று எனக்குத் தெரியாது. பாலால் இல்லை என்று மட்டும் தெரியும். அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே நின்று அழுதாள்.