வெளியே ஒழுகாத ஓட்டை

குறிஞ்சிப்பிட்டியில் நான் வாங்கிய சின்ன ட்ரெக்டருக்கு இரண்டு குணம். காலையில் சொன்னதைக் கேட்கும். வெயில் ஏறினால் கேட்காது. மண்ணைக் கத்திகளால் கிண்டுகிற ரொட்டவேட்டர் பின்னால் பூட்டியிருக்கும். அதை இரண்டு இரும்புக் கைகள் தூக்கவேண்டும். எஞ்சின் சூடாகும்வரை தூக்கும். பிறகு கைகள் நடுங்கும், பாதியில் நிற்கும், சீட்டுக்குக் கீழே ஏதோ ஒன்று பசித்த நாய்க்குட்டிபோல முனகும். கத்திகளைத் தூக்காமல் வரம்பில் திருப்பினால் தண்ணீர்க் குழாய் கிழிந்துவிடும். ஒரு தடவை கிழிந்தது.

ஜப்பானில் யாரோ பாவித்துக் கழித்த வண்டி அது. லீவர்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த எழுத்து எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளங்காது. விற்றவன் அடி முதல் நுனி வரை சிவப்புப் பெயின்ற் அடித்துத் தந்தான். எஞ்சினுக்குக் கீழேயும் பெயின்ற் அடிக்கிறவனை நம்பக்கூடாது. அப்போது எனக்கு அது தெரியாது. எனக்கு அவசரம்.

அவசரத்துக்குக் காரணம் என் மூத்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன். தொண்ணூறில், யுத்தத்தின் நடுவே, மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்தி, இந்தப் புத்தளம் பக்கம் வந்து சேர்ந்தபோது நான் சிறு பிள்ளை. யுத்தம் முடிந்ததும் காக்காவுக்கு ஊர் திரும்பும் எண்ணம் வந்தது. போகட்டும். ஆனால் என்னையும் கட்டாயம் வரச் சொன்னார். "மாப்பிள்ள கட்டாருல. நீ தனிய வெங்காயம் செஞ்சு என்னத்தக் காணப்போற?" என்று கேட்டார். என் கணவர் அப்போது கட்டாரில் வேலை செய்தார். நான் பதிலுக்குக் குத்தகைக் காணியைப் புதுப்பித்து, ட்ரெக்டரையும் வாங்கினேன். ஆகவே அது படுத்தால் என் பேச்சும் படுத்துவிடும். அந்தப் போகம் தவறினால் எனக்கு இங்கே இருக்க ஒரு காரணமும் மிஞ்சாது. நாற்றுமேடையில் வெங்காய நாற்று, பிடுங்கி நடுகிற பருவத்துக்கு வந்துவிட்டது. காணி கிண்டாமல் கிடந்தது.

வண்டி திருத்துகிற கராஜ் பாஸ் வந்தார். இரும்புக் கைகளைத் தூக்குவது பம்ப் தள்ளுகிற எண்ணெய்தான்; அதன் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. "ஒயிலுக்குள்ள தண்ணி போயிரிக்கு" என்று காக்காவிடம் சொன்னார். வண்டி என்னுடையது, ஓட்டுவது நான், சொன்னது காக்காவிடம். எண்ணெயை மாற்றினார். இரண்டு நாளில் மறுபடி அதே நிறம். மறுபடி மாற்றினார். கடைசியில், அதுவும் காக்காவிடம்தான், "பம்ப் முடிஞ்சு. இதுக்குப் பம்ப் கிடைக்கும் எண்டு சொல்லேலாது" என்றார். காக்கா உடனே வண்டியை விற்க ஒரு கொள்வனவுக்காரரைப் பிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பார்க்க வருவாராம்.

கற்பிட்டிக்குப் போகிற பாதையில் கிணற்றுப் பம்புகள் திருத்துகிற ஒருவர் இருந்தார். வாய் பெரிது. வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாம் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வருவார். நான் அவரிடம் போனேன். இந்தப் பக்கத்தில் அண்ணன் முறையானவரை நானா என்று கூப்பிடுவோம்.

"ட்ரெக்டர் எனக்குத் தெரியாது, தங்கச்சி."

"தெரிஞ்சவர் ரெண்டு தரம் ஒயில் மாத்திட்டார், நானா. தெரியாத ஒராள் பாக்கட்டும்."

"மன்னார் வாய்" என்றார். "வாறன்."

வந்ததும் என்னிடம்தான் கேட்டார். முனகல் முதலில் வருமா, நடுக்கம் முதலில் வருமா? காலையில் எத்தனை சுற்று ஒழுங்காக ஓடும்? முனகல்தான் முதலில் என்று சொன்னேன். காக்கா இடையில் புகுந்து, "பம்ப் முடிஞ்சுதாம்" என்றார்.

"ஆரு சொன்ன?"

"கராஜ் பாஸ்."

"பம்பக் கழட்டிப் பாத்தாரா?"

"இல்ல."

"அப்ப மௌத்தாகாத ஆளுக்கு ஜனாஸாத் தொழுதிருக்கார்."

சாகாத ஆளுக்கு இறுதித் தொழுகை என்ற அந்தப் பகிடி காக்காவுக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

வண்டியைச் சூடாகும்வரை ஓடவிட்டார். அந்தக் கலங்கல் எண்ணெயில் கொஞ்சத்தை ஜாம் போத்தலில் எடுத்து, நிழலில், மதில்மேல் வைத்தார். "தண்ணியெண்டா இது இப்பிடியே நிக்கும். காத்தெண்டா தெளியும். ஆரும் தொடவேணாம்" என்று சொல்லிவிட்டு மதியத் தொழுகைக்கு, லுஹர் தொழப் போய்விட்டார். நான் போத்தலுக்கு முன்னால் நின்றேன். அவர் திரும்பி வரும்போது எண்ணெய் அடியிலிருந்து தெளிந்துகொண்டு வந்தது. மேலே மட்டும் நுரை.

"தண்ணி இல்ல. காத்து."

"காத்து எப்பிடிப் போற? ஒரு சொட்டு ஒயில் வெளிய ஒழுகல்லயே" என்றேன்.

"உங்கட கிணத்துப் பம்ப் தண்ணி இழுக்காட்டி என்ன செய்வீங்க?"

"உறிஞ்சிற பைப்புட மூட்டப் பாப்பன்."

"பம்பத் தூக்கி வீசமாட்டீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் எல்லாருக்கும் பைத்தியம் புடிச்ச?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த எரிச்சல். எங்கள் மணலில் கிணறு வைத்து வெங்காயம் செய்கிற எவருக்கும் இது தெரியும். தள்ளுகிற குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீச்சும். உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, காற்றை உள்ளே இழுக்கும். பம்ப் வெறும் காற்றைக் குடித்துவிட்டுக் கத்தும். தினமும் இதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நாங்கள். தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் என்றதும் ஒருவர் மூளையும் வேலை செய்யவில்லை, என்னுடையதும் சேர்த்து.

எஞ்சினை மறுபடி சூடாக ஓடவிட்டு, அவர் மணலில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். எண்ணெய்த் தொட்டியிலிருந்து பம்புக்குப் போகிற குழாயில் ஒரு மூட்டைச் சுற்றி, காற்று நுழையாதபடி கிரீஸை அப்பினார். முனகல் நிற்கவில்லை. அப்பிய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அடுத்த மூட்டுக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரேயடியா அப்புங்களன்."

"கள்ளனப் புடிக்க ஊரையே கட்டி வச்சா, கள்ளன் ஆரெண்டு எப்பிடித் தெரியும்?"

மூன்றாவது மூட்டில் முனகல் நின்றது. வாயைப் பொத்தியதுபோல நின்றது. நான் லீவரை இழுத்தேன். கைகள் ரொட்டவேட்டரை நேராக மேலே கொண்டுபோயின.

அவர் மூட்டின்மேல் இருந்த சிவப்புப் பெயின்றைச் சுரண்டினார். உள்ளே சைக்கிள் டியூப். நாடாவாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, மேலே பெயின்ற் அடித்திருந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுப் பம்புகளில் பாதிக்குமேல் இதே கட்டுத்தான். தண்ணீரில் அது வருடக்கணக்காக இருக்கும். எண்ணெயில் அந்த இறப்பர் ஊதி, களியாகி, சூட்டில் நெகிழும். குளிரில் பிடிக்கும், சூட்டில் விடும். "ஜப்பான் வண்டிக்கு நம்மட ஊர் சுன்னத்துக் கட்டு" என்று சொல்லி அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

கிரீஸோடு அப்படியே உழத் தொடங்கலாம் என்றேன் நான். முடியாது என்றார். நாற்றைக் காட்டினேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். கத்தினேன். அவர் குழாயைக் கழற்றி உரப் பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டினார்.

"கிரீஸ் நாளைக்கு உருகும். நாளைக்கு என்னையத் தேடி வந்து ஏசுவீங்க."

"இண்டைக்கே ஏசுறன்."

"ஏசுங்க. பைப்பு எங்கிட்ட இரிக்கு."

போய்விட்டார். அன்று நான் அவரை ஏசிய ஏச்சை இங்கே எழுதமுடியாது.

வெள்ளிக்கிழமை கொள்வனவுக்காரர் வந்தார். குழாய் இல்லாத வண்டி, துளைகளில் பொலித்தீன் கட்டியபடி நின்றது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் பழைய இரும்பின் விலை சொன்னார். காக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் பாதையைப் பார்த்தேன்.

மோட்டார் சைக்கிள் வந்தது. மனிதர் புத்தளம் டவுனுக்குப் போய் எண்ணெய்க்குத் தாங்குகிற குழாயும் நல்ல கிளிப்புகளும் தேடி வாங்கியிருந்தார். இரும்புக் குழாயின் வாய் துருப்பிடித்துக் குழிந்திருந்ததாம். தேய்ப்புத் தாளை அந்த வாயைச் சுற்றிப் பிடித்து, கையாலேயே தேய்த்துச் சமப்படுத்திக் கொண்டுவந்திருந்தார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். முட்டை ஓடு மாதிரி இருந்தது. நான் ஆட்களைப் புகழ்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் குழாயின் வாயைத் தொட்டபோது, இரண்டு நாள் ஏசியதையெல்லாம் மனதுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

பூட்டினார். எண்ணெய் ஊற்றினார். கைகள் எழுந்தன. கொள்வனவுக்காரர் உடனே விலையை ஏற்றினார். "இப்ப குடுத்தா நல்ல விலை" என்று காக்கா என் காதருகே சொன்னார்.

"சூடாகட்டும்" என்றார் பம்ப்காரர். "குளிர்ல எல்லாரும் நல்லவங்கதான்."

நான் ஏறி ஓட்டினேன். அவர் வரம்பில் குந்தியிருந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை, தலையைச் சாய்த்துக் காதை மட்டும் கொடுத்திருந்தார். முதல் வரிசை முடிவில் கைகள் தூக்கின. அது ஒன்றுமில்லை, முன்பும் தூக்கியதுதான். அவர் விரலைச் சுழற்றினார், இன்னும் ஓட்டச் சொல்லி. வெயில் முதுகைச் சுட்டது. எஞ்சின் சூடு காலில் அடித்தது. வழக்கமாக முனகல் தொடங்குகிற நேரம் வந்தது, போனது. குழாய்ப் பக்கத்து வரம்பில், கிழிந்த அதே இடத்தில், லீவரை இழுத்தேன். கத்திகள் மண்ணை உதிர்த்துக்கொண்டு எழுந்தன. நடுங்கவில்லை. நான் திருப்பி முடிக்கும்வரை அப்படியே நின்றன. எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் இறங்கவில்லை.

அவர் எழுந்து வந்து மூட்டில் உள்ளங்கையை வைத்தார். அளவுக் கம்பியை இழுத்தார். எண்ணெய் தேன் நிறத்தில் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இப்ப தேத்தண்ணி குடிக்கலாம், தங்கச்சி. பால் போடவேணாம். பால் நிறத்தக் கண்டு அலுத்துப்போச்சு."

கொள்வனவுக்காரர் காக்காவைப் பார்த்தார். காக்கா குனிந்து, கிண்டிய மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"விக்கிறதா இல்லயா எண்டு அவகிட்டக் கேளுங்க" என்றார். "வண்டி அவட."

நான் எஞ்சினை மறுபடி எழுப்பினேன். மீதிக் காணியில் தண்ணீர்க் குழாய்கள் குறுக்கே கிடந்தன. காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துபோய், ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் வைத்தார்.