ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலம். கொட்டாஞ்சேனையில் மின்சாரப் பொருட்கள் இறக்குமதி செய்யும் ஓர் இடத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் வத்தளையில் ஒரு தொழிற்சாலை, மன்னாரில் மீன் லொறி, கொச்சிக்கடையில் மூட்டை தூக்கல். பத்தாம் வகுப்பை முடிக்கவில்லை. எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. ஆனால் கையில் கிடைக்கிற எதையும் வாசிப்பேன், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட.

கணினி, போன் போன்றவற்றைப் பற்றி எழுதினால் இருந்த இடத்திலிருந்தே சம்பாதிக்கலாம் என்று யாரோ சொன்னது அப்போது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனில் தேடித் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் பட்டம் கேட்டார்கள். இன்னோரிடத்தில் முன்பு எழுதியதைக் காட்டச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் பதிவு செய்ய முதலில் நான் காசு கட்டவேண்டுமாம். எழுதுகிறவன் கட்டுவதா வாங்குவதா என்று கேட்டேன். அதோடு அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒருநாள் ஈரத்தில் ஒரு பெட்டி அடிபிரிந்து, உள்ளிருந்தவை கொட்டின. வாளித் தண்ணீருக்குள் வைத்துச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகள். ஒவ்வொன்றோடும் மூன்று மொழியில் ஒரு தாள். தமிழை வாசித்தேன். ‘கம்பியை நீரில் குளிப்பாட்டுக. மின்சாரம் உண்ணக் கொடுக்க’ என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு ஓர் ஆவல் வந்தது. இதை எழுதுகிற ஒருவர் எங்கேயாவது இருப்பார்தானே? அவருக்குச் சம்பளமும் கொடுப்பார்கள்தானே?

அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் ‘மிஸ்’ என்போம். அவரிடமே போய்க் கேட்டேன்.

“எழுதுறதா? கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்ததுதான். அதை யாரு படிக்கப் போறா?”

“நான் படிச்சனான், மிஸ். எழுதியும் தாறன்.”

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“பத்தாம் வகுப்பு. அதுவும் முடிக்கேல்லை.”

அவர் என்னையும் என் கையிலிருந்த ஈரத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, இந்தக் கம்பிக்கு மட்டும் எழுதுங்க. நல்லா இருந்தா ரைஸ் குக்கர், ஃபேன், பிளெண்டர்னு பதினொரு சாமான் இருக்கு. தாளுக்கு இவ்வளவுன்னு தர்றேன்.”

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி வீட்டில் அறை எடுத்திருந்தேன். கம்பியைக் கொண்டுவந்து அங்கே மூன்று நாள் எழுதினேன். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு எண் போட்டேன். சொற்களை மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான்காம் நாள் மாலை மிஸ் வாசித்துவிட்டு, “எங்க அம்மாவுக்கே புரியும் போல இருக்கே” என்றார். மறுநாள் காலை அச்சுக்குப் போகும், அதன்பின் மற்றச் சாமான்கள் என்றும் சொன்னார்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் இன்னும் கொஞ்சம் பாராட்டு வேண்டியிருந்தது. அன்ரியிடம் கையெழுத்துப் பிரதியையும் கம்பியையும் கொடுத்தேன். மழைக் குளிரில் குளிக்கச் சுடுதண்ணீர் கிடைக்கிறதென்றால் அவவுக்கு வேறென்ன வேண்டும்? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியோடு முற்றத்துக் குழாயடிக்கு வந்துவிட்டா. நான் கதவோரம் நின்று இரசித்தேன்.

அன்ரி ஒரு வரியைச் சத்தமாக வாசிப்பா, அதைச் செய்வா, பிறகுதான் அடுத்த வரி.

“‘குறி வரை கம்பி தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.’ இருக்கு. ‘சுவிட்சைப் போடுங்கள்.’ போட்டாச்சு. ‘பதினைந்து நிமிடம் பொறுங்கள்.’ சரி, பொறுப்பம்.”

பொறுத்தா. பிறகு ஆறாவது வரி. “‘தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.’”

தாளை இடுக்கிக்கொண்டு குனிந்தா. ஈரத் தரை, வெறுங்கால். சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. சுவரில் என் தோள் இடித்ததும் சுவிட்ச் அணைந்ததும் ஒன்றாக நடந்தன. அவவின் விரலுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

“என்ன தம்பி, பேய் பிடிச்சிட்டுதே?”

“கரண்ட் இருக்கு அன்ரி! அடுத்த வரியை வாசிக்கேல்லையோ?”

ஏழாவது வரி இதுதான்: ‘தொடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.’

அன்ரி அதை வாசித்தா. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா. “ஆறாவதைச் செய்யாமல் ஏழாவதை ஏன் வாசிக்க? நீர்தானே நம்பர் போட்டனீர்!”

நான் எந்த வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவன். சொல்லித் தருகிறவர் கையை நீட்டும்போதே “பொறு, முதலில் அதை நிறுத்து” என்று தடுப்பார். எழுதும்போதும் அப்படிப் பக்கத்தில் நின்று சொல்வதுபோலவே சொல்லியிருக்கிறேன். தாள் கையைப் பிடித்துத் தடுக்காது. பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். ‘மின்சாரம் கொல்க. செருகி வெளியே இழுக்க. பிறகு நீர் தொடுக.’ நான் சிரித்த தாள். வரிசை சரியாக இருந்தது.

மிஸ்ஸுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. பஸ் ஏறினேன். புறக்கோட்டையில் மாறும்வரை ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால் பதினொரு தாளும் போய்விடும். இரண்டு சொல்லை அழகுக்காக மாற்றவேண்டும் என்று மட்டும் சொல்வோம் என்று நினைத்தேன். அப்படியேதான் சொன்னேன்.

“அழகா? மெஷின் ஓடுது. அதுக்கெல்லாம் நிறுத்த முடியாதுங்க” என்ற மிஸ் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“மிஸ், நான் எழுதினபடி செய்தால் கரண்ட் அடிக்கும். எங்கட வீட்டு அன்ரி இப்ப தப்பினவா.”

அவர் தாளை வாங்கி விரலை வைத்து வாசித்தார். ஆறில் விரல் நின்றது. ஏழுக்குப் போனது. மறுபடி ஆறுக்கு வந்தது. முகம் வெளுத்துவிட்டது. “நானும் ரெண்டு தடவை படிச்சேனே” என்று முணுமுணுத்துக்கொண்டே அச்சகத்துக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, “போய்ப் பெட்டியை இறக்குங்க” என்றார். அவ்வளவுதான். அடித்த தாள்களைக் கிழித்தோம். இரண்டு வரியையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். அந்தத் தாளுக்குக் காசு வரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வேறு ஊருக்குக் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மிஸ் கூப்பிட்டார்.

“உங்க வீட்டுக்கார அம்மா சுகமா இருக்காங்களா?”

“ஓம் மிஸ்.”

“அவங்ககிட்ட குடுத்துப் பார்ப்பீங்கன்னா, இந்தாங்க, ரைஸ் குக்கர்.”

இப்போது மூன்று இறக்குமதிக்காரர்களுக்கு எழுதுகிறேன். போன் திருத்துவது பற்றி ஓர் இணையத்தளத்துக்கும் எழுதுகிறேன். அவர்கள் பட்டம் கேட்கவில்லை, எழுதியதைக் காட்டச் சொன்னார்கள், தாள்களைக் காட்டினேன். அதே அறையில்தான் இருக்கிறேன். எனக்கே இது அதிசயம். சொல் அழகாக வந்துவிட்டால் இன்றைக்கும் கொஞ்சம் பயம் வரும். வாசிக்கிறவர் இந்த வரியோடு நிறுத்திவிட்டுக் கையை நீட்டினால் என்ன நடக்கும் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் அடுத்த எண்ணைப் போடுகிறேன்.