மகனின் ஸ்டென்ட்

எந்தப் பொருளையும் கையில் எடுத்தவுடன் திருப்பிப் பார்ப்பது நாகேந்திரத்தின் பழக்கம். குடையோ, குக்கரோ, சப்பாத்தோ, அடியில் எந்த நாட்டின் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அது நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவரும். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் கொண்டெய்னர்களைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று, ஒரு முழு ஆயுள்காலத்தில் அவர் சேர்த்துக்கொண்ட அறிவு இவ்வளவுதான்: ஜப்பான் என்றால் எழும்பி நிற்கலாம், இங்கிலாந்து என்றால் கும்பிடலாம், இந்தியா என்றால் சிரிக்கலாம். கலியாணம் பேசிய காலத்தில் தன்னையும் இப்படித்தான் திருப்பிப் பார்த்திருப்பார் என்று அவருடைய மனைவி சிவமணி நினைப்பதுண்டு.

அப்படிப்பட்ட மனிதருக்கு மகன் இங்கிலாந்தில் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கார்த்திகன் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பக்டீரியாவை வைத்துப் பிளாஸ்டிக் செய்கிற ஆராய்ச்சியில் இருந்தான். அவன் வீடியோக் கோலில் சொன்னதைச் சிவமணி பொறுமையாகக் கேட்டிருக்கிறாள். ஒரு வகைப் பக்டீரியாவுக்குச் சீனியையும் எண்ணெயையும் கணக்கில்லாமல் ஊட்டி, வளரத் தேவையான நைதரசனை மட்டும் கொடுக்காமல் விட்டால், அது வளரவும் மாட்டாமல் தின்பதை நிறுத்தவும் மாட்டாமல் எல்லாவற்றையும் உடம்புக்குள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மணிகளாகச் சேர்த்து வைக்கும். அதைப் பிரித்தெடுத்து மெல்லிய வலைக்குழாயாகச் செய்தால், அடைபட்ட இருதயக் குழாய்க்குள் வைக்கலாம். குழாய் ஆறின பிறகு தானாகக் கரைந்து போய்விடும். அப்படி ஒன்றை ஒருநாள் செய்யலாம் என்பதுதான் ஆராய்ச்சி. வெள்ளவத்தைக் காலி வீதிக் கலியாண மண்டபங்களில் பட்டும் நகையுமாக உட்கார்ந்திருக்கிறவர்களைக் காணும்போதெல்லாம் சிவமணிக்கு அந்தப் பக்டீரியாவின் ஞாபகம் வரும். தின்கிறார்கள், சேர்க்கிறார்கள், வளரத்தான் காணோம். அவர்களுக்கு நடுவில் தானும் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பதும் கூடவே ஞாபகம் வரும்.

'ஒருநாள்' என்ற சொல் நாகேந்திரத்தின் காதில் ஏறவில்லை.

மரைன் டிரைவில் காலையில் நடக்கிற ஓய்வூதியக்காரர் கூட்டமொன்று உண்டு. முன்பு பிள்ளைகளின் விசாவைப் பற்றிக் கதைத்தவர்கள். பிள்ளைகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது நெஞ்சைப் பற்றிக் கதைக்கிறார்கள். யாருக்கு எத்தனை அடைப்பு, யார் எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார், உள்ளே வைத்தது எந்த நாட்டு ஸ்டென்ட். நெஞ்சில் ஜெர்மன் சாமான் வைத்திருக்கிறவர் முன்னால் நடப்பார். இந்தியச் சாமான் வைத்திருக்கிறவர் அரை அடி பின்னால் வருவார். இவர்கள் எல்லாரையும் பார்த்து நாகேந்திரம் சிரித்தார்.

"உது இரும்புக்கடைச் சாமான் காணும். சாகுமட்டும் உள்ளுக்குக் கிடந்து கறள் பிடிக்கும். என்ர மகன் செய்யிறது கரைஞ்சு போயிடும். நான் வைக்கிறதெண்டால் அதைத்தான் வைப்பன்."

இதை அதிகம் வாய்பிளந்து கேட்டவர் மகாலிங்கசிவம், வருமானவரிக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுவதும் ஒருவரையும் நம்பாமல் இருந்ததற்குப் பரிகாரமாக இப்போது எல்லாவற்றையும் நம்புகிறவர்.

நாகேந்திரத்தின் வீடு மூன்றாம் மாடியில். தொடர்மாடி வீட்டை விற்றவன் காட்டிய படத்தில் லிஃப்ட் இருந்தது. கட்டிடத்தில் அதற்கு விட்ட ஓட்டை மட்டும் இருக்கிறது, அதற்குள் விளக்குமாறுகள் நிற்கின்றன. போன ஆவணியில் இருந்து அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கத் தொடங்கினார். யாராவது கடந்து போனால் போனைக் காதில் வைத்து, "ஓம், ஓம், சொல்லும்" என்பார். சிவமணி இரண்டு கிழமை பார்த்தாள். பிறகு ஒருநாள் வாசலில் நின்றபடி அவருடைய இலக்கத்துக்கு எடுத்தாள். "ஓம், சொல்லும்" என்று கதைத்துக்கொண்டிருந்தவரின் காதுக்குள்ளேயே போன் அடித்தது.

"ஆரோட கதைக்கிறியள்?" என்று மேலே இருந்து கேட்டாள்.

அடுத்த நாள் டொக்டரிடம் போனார்கள். அஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில் ஒரு குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைபட்டிருந்தது.

"பயப்பிட ஒண்டுமில்லை," என்றார் டொக்டர். "நெஞ்சைத் திறக்கிற வேலையில்லை. மணிக்கட்டால ஒரு வயர் மாதிரிப் போய் ஸ்டென்டை வைச்சிட்டு வாறதுதான். அடுத்த நாள் வீட்டை போயிடலாம்."

"எந்த நாட்டுச் சாமான்?"

"இந்தியா. நல்ல சாமான்."

நாகேந்திரம் சிரித்தார். "நான் மகன்ர வருமட்டும் வெயிட் பண்ணுறன், டொக்டர்." மகன் யார், என்ன செய்கிறான் என்று விளக்கினார். டொக்டர் மரியாதையாகக் கேட்டார்.

"அந்தப் பிளாஸ்டிக்கில ஒண்டும் இன்னும் பாவனைக்கு வரேல்லை, ஐயா. நீங்கள் காத்திருக்கலாம். குழாய் காத்திருக்காது."

வெளியே வந்ததும் நாகேந்திரம், "லோக்கலில படிச்ச ஆள். புதுசு ஒண்டும் தெரியாது," என்றார்.

அன்று பின்னேரம் சிவமணி மகனுக்கு எடுத்து, போனைத் தகப்பனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். டொக்டரிடம் சொன்னதையே நாகேந்திரம் மகனிடமும் சொன்னார்.

"அப்பா, ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது? நான் செய்தது ஒரு துண்டுக் குழாய். உப்புத் தண்ணிக்குள்ள போட்டு எவ்வளவு கெதியாக் கரையுது எண்டு பாக்கிறம். போன மாசம் விரிக்கேக்க வெடிச்சுப் போச்சு. இன்னும் பண்டிக்குக்கூட வைக்கேல்லை."

"பண்டிக்கோ?"

"முதல் பண்டிக்கு வைச்சுப் பாக்கவேணும். பிறகுதான் மனுசருக்கு. அதுக்கு எத்தினை வரியம் போகுமோ தெரியாது. நீங்கள் டொக்டர் சொல்லுறதை வையுங்கோ."

முட்டைகூடத் தின்னாத நாகேந்திரத்துக்கு, தன் நெஞ்சுக்கு முன்னால் வரிசையில் ஒரு பன்றி நிற்பதாகக் கேட்டது போதாதென்று, அதை மகன் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதும் பொறுக்கவில்லை. போனை வைத்த பிறகு, "அவனுக்குத் தன்ர வேலையிலயே நம்பிக்கை இல்லை," என்றார். மகனையும் திருப்பிப் பார்த்தாயிற்று என்று சிவமணி நினைத்துக்கொண்டாள். அடியில் இங்கிலாந்து என்று இருக்கவில்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தார். அதே கப்பல் கொம்பனியில் நாகேந்திரத்துக்கு அடுத்த மேசையில் இருந்தவர். இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்.

"என்ட நெஞ்சுக்குள்ள ரெண்டு கிடக்கு மச்சான். எந்த நாடு எண்டு நான் கேக்கவுமில்ல, அதுகள் சொல்லவுமில்ல. நீ என்ன, பண்டிக்கு வைச்சு முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியா?"

"உனக்கு உது விளங்காது, ஒஸ்வால்ட்."

"விளங்குது மச்சான். நீ ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டாய். இப்ப இரும்பு வைச்சா வெக்கம். செத்தா வெக்கமில்ல."

நாகேந்திரம் எழும்பிப் போய் பல்கனியில் நின்றார். ஒஸ்வால்ட் சிவமணி கொடுத்த கேக்கைத் தின்று முடித்துவிட்டுப் போனார்.

கௌரி விரதம் தொடங்கியது. புருசனின் ஆயுளுக்காக மனைவிமார் பகல் முழுவதும் பட்டினி கிடந்து, கடைசி நாளில் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். பெண்ணுக்கு இடக்கையில், ஆணுக்கு வலக்கையில் ஒரு நூல். அவர்கள் இருக்கும் வெள்ளவத்தையில் அந்த நூல் வருடம் முழுவதும் வாசிக்கப்படும். யாருடைய கையில் இருக்கிறது, யாருடைய கையில் இல்லை, இல்லையென்றால் அந்த வீட்டில் என்ன பிரச்சினை. சிவமணி கலியாணம் கட்டிய வருடத்தில் இருந்து ஒரு தரமும் விடவில்லை. பக்தியால் என்று சொல்லமுடியாது. விட்டால் காரணம் சொல்லவேண்டி வரும்.

விரதத்தின் நடுவில் ஒருநாள் அவள் கோயிலில் இருந்து வரும்போது நாகேந்திரம் படியில் உட்கார்ந்திருந்தார். போன் காதில் இல்லை, மடியில் கிடந்தது. சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"நாளையில இருந்து நான் விரதம் இல்லை."

"என்ன கதை கதைக்கிறீர்?"

"உங்கட உயிருக்கெண்டுதானே பட்டினி கிடக்கிறன். நீங்கள் பண்டிக்குப் பிறகு வைப்பிக்கிற ஆள். அதுவரைக்கும் நான் என்னத்துக்குக் காயவேணும்?"

"அரைவாசியில விடுறதோ? சனம் என்ன சொல்லும்?"

"கேக்கட்டும். அவர் வைத்தியம் வேண்டாமெண்டார், நான் காப்பு வேண்டாமெண்டிட்டன் எண்டு சொல்லுறன். வாசலில நிண்டு சொல்லுறன், எல்லாருக்கும் கேக்கத்தக்கதா."

இவ்வளவு நாளும் அடைபட்ட குழாய்க்குப் பயப்படாத மனிதர் இப்போது பயந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். நெஞ்சுவலிக்கு வராத வெளுப்பு முகத்தில் வந்தது. இந்த ஆளோடா இத்தனை காலம், என்று அவளுக்கு இருந்தது. அது புது எண்ணமும் அல்ல.

"ஒஸ்வால்டுக்குப் போன் அடியும்," என்றார் கடைசியாக. "மரைன் டிரைவ் ஆக்களுக்குத் தெரியப்படாது."

சிவமணி விரதத்தை விடவில்லை. தெமட்டகொடையில் ஒரு செத்தவீடு என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு குட்டித்தூக்கம் போடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஒஸ்வால்ட் நர்ஸிடம் சிங்களத்தில் கதைத்து விசயத்தை அறிந்துகொண்டு வந்தார்.

"மேசையில படுத்துக்கிடந்துகொண்டு ஸ்டென்ட் வந்த பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறான், தங்கச்சி. காட்டினவையாம். பாத்திட்டுக் கண்ணை மூடிக்கொண்டானாம்."

மணிக்கட்டில் ஒரு ஊசித் துளைதான். ஆனால் அதைச் சுற்றி இரத்தம் கண்டி, கத்தரிக்காய் நிறத்தில் முழங்கைப் பக்கமாகப் பரவியிருந்தது. நாகேந்திரம் ஒரு கிழமை முழுக்கைச் சேர்ட்டோடு திரிந்தார்.

காப்புக் கட்டும் நாளில் அது உதவவில்லை. கோயிலுக்குள் ஆண்கள் சேர்ட்டைக் கழற்றவேண்டும். சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார். பின்னால் மகாலிங்கசிவமும் அவருடைய மனைவி தவமலரும். ஐயர் வலக்கையை நீட்டச் சொன்னார். சால்வை விலகியது.

"என்ன இது, விழுந்தனீங்களோ?" என்றார் ஐயர்.

மகாலிங்கசிவம் எட்டிப் பார்த்தார். நெஞ்சு விசயத்தில் மரைன் டிரைவ்காரருக்கு ஒரு கண்டலை வாசிக்கத் தெரியும். "அட, வைச்சாச்சோ? மகன்ரயோ?"

நாகேந்திரம் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு, "ம்," என்றார்.

ஒரேயொரு 'ம்'. அவருடைய வாழ்க்கை முழுவதும் அதற்குள் அடங்கிக் கிடப்பதாகச் சிவமணிக்குப் பட்டது. குடையும் குக்கரும் கூட.

"முருகா," என்றாள் தவமலர், கைகூப்பி. "அப்ப எங்கட இவருக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோ அண்ணை. போன கிழமை வைக்கிறதெண்டு நாளும் குடுத்தவை. இவர்தான், நாகேந்திரத்தின்ர மகன்ர வரட்டும், இரும்பு வேண்டாமெண்டு தள்ளிப்போட்டார்."

"பாப்பம்," என்றார் நாகேந்திரம். "மகனோட கதைச்சுப் பாப்பம்."

சிவமணி மகாலிங்கசிவத்தைப் பார்த்தாள். அவர் தூணில் முழுப் பாரத்தையும் சாய்த்து நின்றார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது. கையில் போன். யாராவது பார்த்தால் ஏதோ வாசிப்பதுபோல அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். திரையில் வெளிச்சமே இல்லை.

"அது இரும்பு," என்றாள் சிவமணி.

ஐயரின் கையில் நூல் அப்படியே நின்றது.

"இவருக்கு வைச்சது இரும்பு. இந்தியாவில செய்தது. என்ர மகன்ர இன்னும் பண்டிக்குக்கூட வைச்சுப் பாக்கேல்லை. போன மாசம் வெடிச்சும் போச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் வரிசை கடைசிவரை பேச்சு நின்றுவிட்டது. "நீங்கள் நாளைக்கே போய் வைச்சுப்போடுங்கோ, அண்ணை. பொய்க்கெல்லாம் காத்திருக்காதேங்கோ."

தவமலர் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவருடைய கையில் இருந்த போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, மற்றக் கையைப் பிடித்து வரிசையில் இருந்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். காப்புக் கட்டவும் இல்லை. வாசலில் அவள் திரீவீலர்காரனிடம் ஆஸ்பத்திரியின் பெயர் சொல்வது கேட்டது.

ஐயர் நாகேந்திரத்தின் கையில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். கண்டல் நூலுக்கு மேலேயும் கீழேயும் தெரிந்தது. நாகேந்திரம் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானும் போடாமல் வெளியே நடந்தார்.

வீடு வரும்வரை அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் பின்னால் வருகிறாளா என்றும் பார்க்கவில்லை. கட்டிட வாசலைத் தள்ளித் திறந்து, விளக்குமாறுகளைத் தாண்டி, படிகளில் ஏறத் தொடங்கினார். கோபத்தில் இரண்டு இரண்டு படியாக.

பட்டினி கிடந்த உடம்போடு சிவமணியால் அந்த வேகத்துக்கு ஏறமுடியவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நின்று நின்று போன் கதைத்த அதே இடம். மேலே செருப்புச் சத்தம் ஒரு தரமும் தடைப்படாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு கதவு அடித்துச் சாத்தப்பட்டது. கட்டிடம் முழுவதும் அதிர்ந்தது.

இந்தியச் சாமான் நன்றாகத்தான் வேலை செய்கிறது.