மதிப்பெண் போடாத விமர்சனம்

சென்ற வெள்ளிக்கிழமை காலை ரேணிகுண்டாவில் பேருந்துக்காக நின்றிருந்தேன். அமுலுவின் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, அக்கா பூட்டாண்ணா." போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். முந்தைய நாள்தான், "கடைசி ராட்சசன் ஒருத்தன்தாம்பா பாக்கி, நாளைக்கு முடிச்சிடறேன்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

நம் தளத்தின் பழைய வாசகர்களுக்கு அவளைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள். நானும் அவளும் சேர்ந்துதான் வீடியோ கேம்களுக்குத் தமிழில் விமர்சனம் எழுதிவந்தோம். சண்டை கடுமையான கேம்கள் அவளுக்கு, சுலபமானவை எனக்கு. பங்கு பிரித்ததும் அவள்தான்.

அவளுடைய முதல் விமர்சனத்தில், "இந்த வாள்காரனிடம் நாற்பது தெப்ப துன்னேன்" என்று எழுதினாள். எங்கள் பக்கம் அடிக்குத் தெலுங்கில் தெப்ப. அடி வாங்கினால் தெப்ப துன்னோம் என்போம். கும்பகோணத்து வாசகர் ஒருவர், "கேமில் தெப்பத் திருவிழாவும் வருகிறதா? பிரசாதம் என்ன?" என்று பணிவாகக் கேட்டிருந்தார். மாற்றிவிடலாம் என்றேன். "ஏம்ப்பா மாத்தணும்? துன்னது நானு," என்றாள். அதன்பின் ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் 'துன்ன தெப்ப' என்று ஒரு வரி சேர்ந்தது. எத்தனை முறை தோற்றாள் என்பதை மறைக்காமல் போட்டாள்.

நான் அப்படியல்ல. ஒருமுறை ஒரு கேமைப் பாதியில் விட்டுவிட்டு, மீதியை வேறு யாரோ ஆடிய வீடியோவில் பார்த்து, 'நியாயமான சண்டை' என்று எழுதி எட்டு மதிப்பெண்ணும் போட்டேன். அமுலு அதைக் கடைசிவரை ஆடிவிட்டுக் கூப்பிட்டாள்.

"நீ ஆடிக்கினு போனியா, பாத்துக்கினு இருந்தியா?"

பாதிதான் ஆடினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"கடைசில வர்றவன் கை ஓங்கறதே கண்ணுக்குத் தெரில, எப்டி தப்பிக்கறது? உன்ன நம்பி வாங்கனவன் இன்னா செய்வான்? தூக்கு அத்த."

அன்றே நீக்கி, மன்னிப்பும் எழுதினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் அதை மறுபடி எடுத்துப் பேசியதே இல்லை.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் திருப்பதியில் டயாலிசிஸ். ஊசி ஏறிய இடது கையை அசைக்கக் கூடாது. "இந்தக் கை மிசினுக்கு, அந்தக் கை கேமுக்கு," என்றாள். ஒற்றைக் கையால் ஆட முடிகிறதா, பொத்தான்களை நம் வசதிக்கு மாற்ற விடுகிறார்களா என்று அவள் எழுதத் தொடங்கியது அங்கேதான். ஒருநாள் நர்சு கேமை வைக்கச் சொன்னபோது, "ஒக்க நிமிஷம் சிஸ்டர், இவன் செத்துடுவான்," என்று கத்தினாள். பக்கத்துப் படுக்கைக்காரர் ஆடிப்போய்விட்டார்.

பாதி எழுதிய கடைசி விமர்சனத்தையும் கேமையும் அவள் தம்பி என்னிடம் கொடுத்தான். நான்கு பக்கம். 'ராட்சசன் மூச்சை இழுக்கும்போது ஓடாதே, விடும்போது விலகு' என்பதோடு நிற்கிறது. மதிப்பெண் கட்டம் காலி. தளத்தில் சேதி போட்டதிலிருந்து, அவள் நினைவாகப் பத்துக்குப் பத்து போட்டு வெளியிடச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. போட மாட்டேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காலிக் கட்டத்தைத்தான். அவள் விட்ட இடத்திலிருந்து, அவளைப் போலவே வலது கையால் மட்டும் ஆடுகிறேன். ராட்சசன் விழாமல் அதில் ஓர் எண்ணும் ஏறாது. நேற்றும் தோற்றேன். இன்று மறுபடி உட்காருகிறேன்.