வால் நாளைக்கு வரும்

பிள்ளைகளின் வளர்ச்சியை அளந்து பார்க்கும் சின்ன மையம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன், அடையாறில். எந்த வயதில் பிள்ளை என்ன பேசும், எதைப் புரிந்துகொள்ளும் என்று படங்களைக் காட்டிக் கேட்பேன். சொல்வதை எழுதி மதிப்பெண் போடுவேன். அதற்கென்றே படித்தவள் நான். படிப்போடு திமிரும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு ஒரு திங்கட்கிழமை தி.நகரிலிருந்து ஒரு தாய் நாலு வயது மகளோடு வந்தார். உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் அவர்களுக்குப் பாத்திரக் கடை, ஊர் திருநெல்வேலிப் பக்கம். பள்ளி நேர்காணலில் பிள்ளை ஏறுக்குமாறாகப் பதில் சொல்லியிருக்கிறாள். எங்களிடமிருந்து வளர்ச்சி சரிதான் என்று அறிக்கை வேண்டுமாம். புதன்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் வராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"வீட்டுல வாய் ஓயாது மேடம், அப்படிப் பேசுதா. நீங்களே கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே உட்கார்ந்தார்.

நிறம், எண், உறவு எல்லாவற்றுக்கும் பிள்ளை பட்பட்டென்று பதில் சொன்னாள். அடுத்தது குறை கண்டுபிடிக்கும் படங்கள். வாலில்லாத நாயைக் காட்டி, "இந்த நாய்க்கு என்ன இல்லை?" என்று கேட்டேன்.

படத்தை உற்றுப் பார்த்தாள். "வால் நாளைக்கு வரும்."

கைப்பிடி இல்லாத குடைக்கும் அதே பதில். ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கு, "அடுத்த வாரம் வரும்." காலி டப்பாவைத் திறந்து காட்டி உள்ளே என்ன இருக்கிறது என்றால், "சாயங்காலம் வந்துரும்" என்கிறாள்! எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பகுதி முழுக்க 'சம்பந்தமில்லாத பதில்' என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன். புரிந்துகொள்ளும் திறனில் தாமதம் என்று முடிவு வந்தது.

என்ன தப்பாகச் சொன்னாள் என்று அம்மா கேட்டார். கேள்விகளை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் அறிக்கையை அனுப்ப முடியாது. புதன் காலை நானே கடைக்குப் போனேன். அப்போதுதான் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டிருந்தார்கள். பிள்ளை அப்பாவின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்; அம்மா பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா தாளை வாங்கிப் படித்தார்.

"புத்தி மட்டுன்னு எழுதிருக்கீங்க."

"அப்படி இல்ல சார். தாமதம்னுதான்..."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்."

பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடவில்லை. மணி பதினொன்று ஆகப்போகிறது.

அந்த நேரம் தூக்குப் பாத்திரம் வாங்க ஒரு பெண் படியேறி வந்தார். "மூணடுக்கு தூக்கு கீதா நைனா?"

"நாளைக்கு வரும்மா. வேற பாருங்க."

அந்தப் பெண் போய்விட்டார். அடக் கடவுளே! பிள்ளை சொன்ன அதே பதில்.

"தூக்கு உண்மையிலேயே நாளைக்கு வருமா சார்?"

"எங்க வருது? அந்த வார்த்தய கடையில சொல்லப்படாது மேடம். அதுவும் போணி ஆகுறதுக்கு முன்ன சொன்னா அன்னைக்கு யாவாரமே வெளங்காது. இவ கைக்குழந்தையில இருந்தே இங்கனதான் கெடக்கா. ஒருநாள் சொல்லிட்டா, வாயிலயே ஒண்ணு போட்டேன்."

'இல்லை' என்பதுதான் அந்த வார்த்தை. விதியை மீறி, அவரைத் தனியாக அழைத்து நாய்ப் படத்தைக் காட்டி மகள் சொன்ன பதிலைச் சொன்னேன். பழகிய இடத்தில் மறுபடி கேட்கலாம் என்று எங்கள் விதியில் உண்டு. ஆனால் பெற்றோர் சொல்லித் தரக் கூடாது.

பிள்ளையின் முன்னால் குந்தினேன். "நாய்க்கு என்ன இல்லை, சொல்லு பாப்பா."

"வால்..." என்றவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லேன்ளா" என்று அம்மா பதறினார்.

"யாரும் எதுவும் சொல்லித் தராதீங்க! அப்புறம் என்னால மார்க் போட முடியாது" என்று கத்தியே விட்டேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. மணி பதினொன்றேகால்.

இன்னொரு பெண் படியேறினார். "பெரிய இட்லிப் பானை இருக்குங்களா?"

அப்பா மகளைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார், தெரு வரைக்கும் கேட்கிறமாதிரி. "நம்ம கடையில இட்லிப் பானை இல்ல."

"என்னங்க இது!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வந்த பெண் இறங்கிப் போய்விட்டார். இன்னும் போணி ஆகவில்லை.

பிள்ளை வாயைப் பிளந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நாய்க்கு வால் இல்ல."

நான் கேட்காமலே அடுத்த படத்தைப் புரட்டினாள். "கொடைக்குப் பிடி இல்ல. சைக்கிளுக்குச் சக்கரம் இல்ல." ஒவ்வொரு இல்லைக்கும் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அவர் செய்தது சொல்லித் தந்ததில் சேருமா? விதிப் புத்தகத்தில் அதற்குப் பதில் கிடையாது. என் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எழுதுங்க மேடம்" என்றார். "மணி ஆகுது."