குங்குமம் பட்ட பாஸ்போர்ட்டுடன் ஆலன் வரை

இந்த வலைப்பதிவில் இதுவரை அருவி, மலை, கடற்கரை என்றுதான் எழுதியிருக்கிறேன். இது ஒரு குறும்படத்தில் நடிக்கப் போய் வந்த கதை. போன நவம்பரில் ஒரு வார இறுதி, நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரிலிருந்து டெக்சாஸில் இருக்கும் ஆலனுக்கு. விசா நீட்டிப்புக்குக் காத்திருக்கும்போது உள்நாட்டு விமானத்தில் போகலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் போனேன், வந்தேன். ஆனால் நான் போன மாதிரிப் போகாதீர்கள்.

ஆலனில் இருப்பவன் என் தம்பி கார்த்தி. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர், மீதி இரண்டு நாள் கேமரா. அவன் எடுத்த படம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பி வரும் யூதர்கள் ஒரு தூதரகத்தில் வரிசையாக நிற்கிறார்கள். யாருக்கும் விசா தராதே என்று மேலிடத்து உத்தரவு. அந்தத் தூதர் உத்தரவை மேஜைக்குள் தள்ளிவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் முத்திரை குத்துகிறார். வசனம் தமிழ், யூதர்கள் எல்லாம் டல்லாஸ் பக்கத்துத் தமிழர்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வரிசையில் முதலில் நிற்கும் பெண்ணாக நடிக்க இருந்தவர் அவசரமாகச் சென்னைக்குப் போய்விட, கார்த்தி என்னைப் பிடித்துக்கொண்டான். கல்லூரியில் நாடகம் போட்ட திமிர், உடனே சரி என்றுவிட்டேன். டிக்கெட் போக வர இருநூற்றுப் பத்து டாலர்.

சரி என்ற பிறகுதான் பயம் வந்தது. என் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்து மாதக்கணக்காகப் பதில் இல்லை. பதில் வரும்வரை வேலை பார்க்கலாம், இருக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனால் டிரைவிங் லைசென்ஸ் பழைய விசாத் தேதியோடு முடிந்துவிட்டது. என் விசாவை நம்பி இருக்கும் கணவர் சுரேஷின் லைசென்ஸும் கூடவே போயிற்று. விமான நிலையத்தில் காட்ட என்னிடம் இருந்தது பாஸ்போர்ட் மட்டும்தான். விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டால் சுரேஷ், நான், நான்கு வயது நிலா, மூவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நிலாவுக்கு இது எதுவும் தெரியாது.

கிளம்புவதற்கு முன் பெருமாள் கோயிலுக்குப் போய், நம்மவர்கள் செய்வதுபோல் பாஸ்போர்ட்டையும் அர்ச்சனைத் தட்டில் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். தீர்த்தம் வாங்கிய ஈர விரலால் குங்குமத்தைத் தொட்டு, புகைப்படம் இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் நானே ஒரு பொட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தச் சிவப்பு, பக்கத்தின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இறங்கியிருந்தது. துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவி, படத்தில் என் கன்னத்திலும் அடியில் இருக்கும் எழுத்துகளிலும் ஏறியது. சுரேஷ் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடி வைத்தார். அவர் திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நியூவார்க் விமான நிலையம் வீட்டிலிருந்து முப்பது மைல், ஊபருக்கு எழுபத்திரண்டு டாலர். பாதுகாப்புச் சோதனையில் இயந்திரம் பாஸ்போர்ட்டைப் படிக்கவில்லை. அதிகாரி இன்னொரு முறை வைத்தார், படிக்கவில்லை. என்ன கறை இது என்றார். கோயில், சாமி, பொடி என்று ஆங்கிலத்தில் ஏதோ உளறினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த ஆள் வருவதற்குள் நிலாவின் டேகேர், வீட்டு லீஸ், சென்னையில் எந்த ஸ்கூல் என்பதுவரை போய்விட்டேன். வந்தவர் என் முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்து, பையைக் கொட்டிச் சோதித்து அனுப்பினார். விமானத்தில் நான்கு மணி நேரமும் தூங்கவில்லை. திரும்பி வரும்போதும் இதே சோதனை இருக்கிறதே என்றுதான் மனதில் ஓடியது.

டல்லாஸ் விமான நிலையத்திலிருந்து ஆலன் முப்பத்தைந்து மைல். கார்த்தி கார் ஓட்டிக்கொண்டே காட்சிகளை விளக்கினான். பின்னால் ஒரு போலீஸ் கார் வந்தது, எனக்கு ஒரு காட்சியும் காதில் ஏறவில்லை.

ஒரு சர்ச்சின் பின்னறையைத் தூதரகமாக மாற்றியிருந்தார்கள். தூதராக நடித்தவர் சேவியர் அங்கிள், நாகர்கோவில்காரர், பல் டாக்டர். கோட்டும் ஒட்டு மீசையுமாக உட்கார்ந்து, எல்லோருக்கும் வீட்டு முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தார். என் பாஸ்போர்ட்டைப் பையில் விட்டுவர மனம் வராமல், நடிப்பதற்குக் கொடுத்த பழைய கோட்டின் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன். அட்டையில் செய்த பொய்ப் பாஸ்போர்ட்டும் அதே பாக்கெட்டில். தூதர் எத்தனை பேர் என்று கேட்பார், நான் ஐந்து பேர் என்று சொல்லி நீட்ட வேண்டும். அவ்வளவுதான் என் வசனம்.

கேமரா ஓடியது. மேஜை முன்னால் போய் நின்றதும் அது சர்ச் அறையாக எனக்குத் தெரியவில்லை. நியூவார்க் கவுண்ட்டர்தான் தெரிந்தது. அங்கிள் நிமிர்ந்து கேட்டார்.

"எத்தனை பேர்?"

"மூணு பேர்" என்றேன்.

நீட்டியும் விட்டேன். அங்கிள் பக்கத்தைத் திறந்து முத்திரையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்போதுதான் நானும் பார்த்தேன், அவர் கையில் இருந்தது குங்குமம் பட்ட நிஜப் பாஸ்போர்ட். அவர் முத்திரையை மெதுவாகக் கீழே வைத்து, பாஸ்போர்ட்டை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"இத உள்ள வையும்மா. நானும் இதத் தலையணைக்கு அடியில வச்சுப் படுத்தவன்தான்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கார்த்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, அந்த டேக்கையே வைத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். முத்திரை குத்தும் கையைப் பொய்ப் பாஸ்போர்ட்டை வைத்துத் தனியாக எடுத்தார்கள். படத்திலே அந்தப் பெண் அப்படி நடுங்குவது நடிப்பில்லை.

திரும்பும்போது டல்லாஸிலும் நிறுத்தினார்கள், டல்லாஸிலும் விட்டார்கள். கறை பட்டது செல்லுமா என்று விசாரித்தேன், புதிது வாங்கிவிடுவதே நல்லது என்றார்கள். விண்ணப்பித்திருக்கிறேன். ஆக, இப்போது இரண்டு பதில்களுக்குக் காத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். நீட்டிப்புக்கு விண்ணப்பித்த ரசீதின் பிரதியைக் கையில் வைத்திருங்கள், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள், பயணத்துக்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாமியை நன்றாகக் கும்பிடுங்கள். குங்குமத்தை நெற்றியில் மட்டும் வையுங்கள்.

போன வாரம் கார்த்தி படத்தை அனுப்பினான். மூவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். நான் மூணு பேர் என்று சொன்ன இடத்தில் சுரேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டார். நிலா டிவியையும் என்னையும் பார்த்தாள்.

"டிட் ஹி சே யெஸ், அம்மா?"

"படத்துல சொல்லிட்டாருடா கண்ணா" என்றேன்.